“கொடுத்த அட்வான்ஸ் திரும்ப வராது” என்று எழுதிவிட்டால் போதுமா?

வாசகியின் கடிதம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். தென்னந்தோப்பும் சில கறவை மாடுகளும் உள்ள குடும்பம். ஒரே மகள், பெங்களூருவில் வேலை. மாப்பிள்ளை வீடு உடுமலைப்பேட்டைப் பக்கம். தை மாதம் கல்யாணம். சித்தூரில் ஓர் ஆடிட்டோரியத்தை இவர்களே பேசி முடித்துவிட்டார்கள். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம்.

மகள் ஆசைப்பட்டதால் கோவையில் ஒரு வெட்டிங் பிளானரைப் பார்த்திருக்கிறார்கள். மேடை, பூ அலங்காரம், லைட், சவுண்டு, போட்டோ, வீடியோ, மேக்கப், விருந்தினர் வரவேற்பு, 800 பேருக்குச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 16 லட்சம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன் வந்தது. தேதியைப் பிடித்துவைக்க வேண்டும் என்றதால் ஒன்றரை லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தார்கள். ரசீது இல்லை. “கிடைத்தது, தேதி உறுதி” என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது, அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து ஒப்பந்தம் என்று ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாளில் இன்னும் ஆறரை லட்சம். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்பு 40 சதவீதம். முகூர்த்தத்தன்று காலை மீதி 10 சதவீதம். எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்த பணம் திரும்பாது. வெளி ஆட்களை வைத்தால் அறுபதாயிரம் தனிக் கட்டணம். படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள். தகராறு வந்தால் கோவை நீதிமன்றம் மட்டுமே. ரொக்கமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி வேண்டாம் என்றும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் சமைத்த உள்ளூர்ச் சமையல்காரரை விட்டுவிட இந்தத் தாய்க்கு மனமில்லை. “முத்திரைத்தாள் போடாமல் கொடுத்த காசு போன காசு. நாம் கேரளம், அவர்கள் தமிழ்நாடு, எங்கே போய்க் கேஸ் போடுவது?” என்கிறார் கொழுந்தனார். “காசு கொடுத்து ஆள் வைத்துக் கல்யாணம் பண்ணுகிறார்கள்” என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களோ என்ற கவலை வேறு. கையெழுத்துப் போடலாமா, வேண்டாமென்று விட்டுவிடலாமா, கொடுத்தது கிடைக்குமா என்பது கேள்வி.

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் நிம்மதியாக இருங்கள். உங்கள் ஒன்றரை லட்சம் போய்விடவில்லை. அவர்கள் அனுப்பிய தாளில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஆறரை லட்சத்தையும் கொடுக்காதீர்கள். அதற்காக உறவை முறித்துக்கொள்ளவும் அவசரப்பட வேண்டாம். கல்யாணத்துக்கு நாள் இருக்கிறது. இந்த நிலையில் பேசித் திருத்தக் கூடியதுதான் அதிகம். அதைப் பேச வேண்டிய இடத்தில் நீங்கள் கெஞ்சும் நிலையில் இல்லை, அவர்களுக்கும் இந்த வேலை வேண்டும்.

ஊர்ப் பேச்சை ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேன். முன்பு பங்காளிகளும் மாமன் மச்சானும் ஒரு வாரம் முன்பே வந்து பந்தல் வேலையிலிருந்து பந்தி விசாரிப்பு வரைக்கும் பார்த்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பிள்ளைகள் பெங்களூருவிலும் துபாயிலும் இருக்கிறார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவுதான் வந்து இறங்குகிறார்கள். உங்களுக்கு முட்டிவலி, கணவருக்குத் தோப்பை விட்டு நகர முடியாத நிலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆள் வைத்துக்கொள்வதில் குறைவு ஒன்றுமில்லை. எந்த வேலையை ஒப்படைக்கிறோம், எதை நம் கையில் வைத்துக்கொள்கிறோம், பணம் எப்போது போகிறது என்ற மூன்றையும் முதலிலேயே எழுத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய சிக்கல்கள் எல்லாமே அது செய்யப்படாததால் வந்தவை.

முத்திரைத்தாள் இல்லை என்றால் ஒப்பந்தமே இல்லையா?

கொழுந்தனார் சொன்னது பலரும் நம்புவதுதான், ஆனால் சட்டம் அப்படி இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒருவர் இன்ன வேலையை இன்ன விலைக்குச் செய்கிறேன் என்று சொல்லி, மற்றவர் சரி என்று ஏற்று, பணமும் கைமாறிவிட்டால் ஒப்பந்தம் உண்டாகிவிடுகிறது. வாய்மொழியானாலும் செல்லும். உங்களிடம் கொட்டேஷன் இருக்கிறது, “கிடைத்தது, தேதி உறுதி” என்ற பதிலும் இருக்கிறது. தொகை எவ்வளவு என்பதும் அந்த உரையாடலில் எங்காவது வந்திருக்கும், தேடிப் பாருங்கள். வராவிட்டால் இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: “இந்தத் தேதியில் கொடுத்த ஒன்றரை லட்சத்துக்கு ரசீது அனுப்புங்கள்.” அவர்கள் மறுக்காமல் பதில் சொன்னாலே அது உங்களுக்குச் சான்று.

அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு நிறுத்தாமல் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து மகளின் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். போனை மாற்றினால் பழைய போனையும் பத்திரமாக வையுங்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளை எப்படிச் சான்றாக்குவது என்று சொல்கிறது. தேவைப்பட்டால் அதற்கான சான்றிதழை உங்கள் வழக்கறிஞர் தயார் செய்வார்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தம் ஏற்கெனவே உண்டாகிவிட்டது என்றால், அது அந்தக் கொட்டேஷனில் சொன்ன அளவுக்குத்தான். “பணம் திரும்பாது”, “வெளி ஆளுக்கு அறுபதாயிரம்” என்ற வரிகள் நீங்கள் பணம் கொடுத்தபோது பேசப்படவில்லை. பின்னால் அனுப்பிய தாளில் கையெழுத்துப் போடும் வரை அவை உங்களைக் கட்டாது. நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடாததுதான் இப்போது உங்கள் பலம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மீது

எல்லையில் உள்ள வேலந்தாவளம் தாண்டிவிட்டால் வேறு சட்டம் என்ற பயம் நம் எல்லைப் பகுதியில் நிறைய வீடுகளில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தையோ பிரச்சினை எழுந்த இடத்தையோ பார்த்துத்தான் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. கொழுந்தனார் அந்தக் காலத்து அனுபவத்தில் பேசுகிறார் என்று நினைக்கிறேன். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019 சட்டம் அதை மாற்றிவிட்டது. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கல்யாணம் நடக்கும் இடமும் அதே மாவட்டம்தான்.

கட்டணமும் பயப்படும்படி இல்லை. நீங்கள் எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறீர்கள் என்பதை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகைதான் கணக்கு. அது 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை உள்ள புகார்களை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நேரில் நின்றும் பேசலாம்.

“கோவை நீதிமன்றம் மட்டுமே” என்ற வரி பற்றி. நுகர்வோர் சட்டம் மற்ற சட்டங்கள் தரும் வழிகளுக்கு மேல் கூடுதலாகத் தரப்பட்ட வழி என்று அதன் 100-ஆவது பிரிவே சொல்கிறது. அதனால் அந்த வரி ஆணையத்தின் கதவை உங்களுக்கு அடைத்துவிடாது. இருந்தாலும் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது இருந்தால், ஆணையத்தில் முதல் சில வாய்தாக்கள் அந்த வாதத்திலேயே போய்விடும்.

கொடுத்ததில் எவ்வளவு திரும்பும்?

இங்கே உங்களிடம் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். “திரும்பாது” என்று அவர்கள் எழுதிவிட்டதாலேயே முழுதும் போய்விடாது. அதே நேரம், நீங்கள் மனம் மாறி விலகினால் முழுதும் திரும்பி வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் இவ்வளவு அபராதம் என்று எழுதியிருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும், எழுதிய தொகை அதன் உச்சவரம்புதான் என்கிறது. முன்பணத்தைப் பறிமுதல் செய்வதிலும் இந்த நியாயத்தைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் விளக்கியது. ஆக, நீங்கள் காரணமில்லாமல் விலகினால் அவர்கள் உங்களுக்காகச் செய்த செலவையும், வேறு கல்யாணத்தை ஏற்காமல் உங்கள் தேதியைக் காலியாக வைத்திருந்ததால் வந்த இழப்பையும் கழிக்கலாம். தை மாத முகூர்த்த நாள் என்பதால் அந்த இரண்டாவது வாதத்தில் கொஞ்சம் வலு இருக்கும். இன்னும் சில மாதம் இருக்கும்போதே சொல்லிவிட்டால் அந்த வலு குறைந்துவிடும், ஏனென்றால் அந்தத் தேதியை அவர்கள் வேறொருவருக்குக் கொடுக்க முடியும். அதனால் விலகுவதானால் சீக்கிரம் விலகுங்கள், எழுத்தில் விலகுங்கள்.

நீங்கள் விலகாமல், அவர்கள் புதிய நிபந்தனைக்குச் சம்மதித்தால்தான் வேலை செய்வோம் என்று நின்றால் கதை வேறு. பேசியதை மாற்றுவது அவர்கள். அப்போது முழுத் தொகையையும் கேட்க உங்களுக்கு நல்ல நியாயம் இருக்கிறது.

நுகர்வோர் சட்டத்தில் “நியாயமற்ற ஒப்பந்தம்” என்று ஒரு வகை தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது: இழப்புக்குச் சம்பந்தமில்லாத அளவு அபராதம், ஒரு தரப்பு மட்டும் காரணமில்லாமல் ரத்து செய்யும் உரிமை, நுகர்வோரைப் பாதிக்கும் அநியாயக் கட்டணம். உங்கள் தாளில் பிளானர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், நீங்கள் விலகினால் எல்லாம் போச்சு என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வகைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். அப்படிப்பட்ட விதியைச் செல்லாது என்று அறிவிக்க மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாட்டையும் முறையற்ற வணிகத்தையும் மாவட்ட ஆணையமே பார்க்கும்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க வேண்டாம்

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இதுமாதிரித் தகராறுகளைப் பார்க்கிறவளாகச் சொல்கிறேன். ஆணையம் பிறகு நஷ்டஈடு வாங்கித் தரலாம்; அன்றைய பந்தியில் சாப்பாடு பற்றாமல் போனதை எந்த உத்தரவும் சரிசெய்யாது. அதனால் எது நின்றுபோனால் கல்யாணமே நின்றுபோகுமோ அது நேரடியாக உங்கள் பெயரில் இருக்கட்டும். மண்டபம் ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கிறது, நல்லது. சமையலும் அப்படியே இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சமையல்காரருக்கு எத்தனை இலை விழும், எந்த ஊர்க்காரர் எந்த நேரத்தில் வருவார், யாருக்குப் பத்தியம் என்பதெல்லாம் தெரியும். இந்த அனுபவத்தைக் கோவையிலிருந்து வரும் கேட்டரிங் குழுவிடம் எதிர்பார்க்க முடியாது. தாலி, நகை, புடவை, சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர், நாதஸ்வரம் எல்லாம் எப்படியும் உங்கள் பொறுப்புதான்.

பிளானரிடம் கொடுக்க வேண்டியது உங்களைக் களைப்படைய வைக்கிற வேலைகளை: மேடை, பூ, விளக்கு, ஒலி, போட்டோக்காரர் ஒருங்கிணைப்பு, உடுமலையிலிருந்து வருகிறவர்களுக்கு வண்டியும் அறையும், வாசலில் வரவேற்பு, யார் எப்போது மேடை ஏறுவது என்ற ஒழுங்கு. வரவேற்பு மாலைக்கு இது பெரிய உதவி. முகூர்த்தக் காலையில் மட்டும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அருமைக்காரர் செய்யும் சீர்களுக்கு நேரம் பிடிக்கும், அவர் சொல்படிதான் மேடை நடக்கும், கேமராவுக்காக எதையும் திரும்பச் செய்யச் சொல்லக் கூடாது. மகளிடமும் இதைப் பேசுங்கள். அவளுக்கு வேண்டியது அழகான மாலை நேரம் என்றால் அது இதனால் குறையப் போவதில்லை.

சாப்பாட்டை வெளியே எடுப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பிளானர் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகப் பில் போட்டால் முழுவதற்கும் 18 சதவீத ஜிஎஸ்டி வருகிறது. மண்டபத்துக்கு வந்து சமைத்துத் தரும் கேட்டரிங் சேவையைத் தனியாகப் பேசினால் பொதுவாக 5 சதவீதம்தான். 800 இலைக்கு, இலைக்கு 400 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள்: 3,20,000. வரி வித்தியாசமே 41,600 ரூபாய், அதுவும் ஒரு வேளைக்கு. உள்ளூர்ச் சமையல்காரர் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத அளவு சிறியவர் என்றால் அந்த 5 சதவீதமும் இல்லை.

ஒப்பந்தத்தில் திருத்தச் சொல்ல வேண்டியவை

பொருள்வாரி விலை. “பேக்கேஜ் 16 லட்சம்” என்று மொத்தமாக இருந்தால், ஒன்றை எடுத்துவிட்டால் எவ்வளவு குறையும் என்று கேட்கவே முடியாது. மேடை எத்தனை அடி, பூ உண்மையானதா செயற்கையா, எத்தனை கேமரா, ஆல்பம் எத்தனை பக்கம், எத்தனை நாளில் கைக்கு வரும் என்று வரிவரியாக விலையோடு எழுதச் சொல்லுங்கள். தங்களுடைய ஊதியம் எவ்வளவு என்பதும் தனியாக வர வேண்டும். சிலர் நிலையான கூலி வாங்குவார்கள், சிலர் மொத்தச் செலவில் ஒரு சதவீதம். சதவீதம் என்றால் உங்கள் செலவு கூடக் கூட அவர்கள் வருமானமும் கூடும். நான் நிலையான கூலியைத்தான் சொல்வேன். பூக்காரர், லைட்காரரிடம் கமிஷன் வாங்குவார்களா என்றும் கேளுங்கள். உங்கள் சார்பில் மற்றவர்களுக்குக் கொடுக்கப் பணம் வாங்கினால் அவர் உங்கள் முகவர். கணக்கு ஒப்படைக்க வேண்டியது அவர் கடமை என்று ஒப்பந்தச் சட்டம் 213-ஆம் பிரிவு சொல்கிறது.

பொறுப்பு. உங்கள் தாளில் “நாங்கள் ஏற்பாடு மட்டுமே செய்கிறோம், பிறர் தவறுக்குப் பொறுப்பல்ல” என்ற வரி இருக்கிறது. எனக்கு மிகவும் கவலை தருவது அந்த ஒரு வரிதான். பணம் முழுவதையும் வாங்குவது அவர்கள், ஆளைத் தேர்ந்தெடுப்பது அவர்கள். சவுண்டு வரவில்லை என்றால் மட்டும் நீங்கள் அந்த ஆளைத் தேடிப் போக வேண்டுமா? அவர்கள் கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் அவர்களே பொறுப்பு, நீங்கள் நேரடியாகப் பேசிய ஆட்களுக்கு நீங்கள் பொறுப்பு என்று மாற்றி எழுதட்டும். அன்றைக்கு மண்டபத்தில் நிற்கப் போகிற மேலாளர் யார் என்ற பெயரும் இருக்கட்டும். பேச வருகிறவர் ஒருவர், கல்யாணத்தன்று வருகிறவர் வேறொருவர் என்பது அடிக்கடி வரும் புகார்.

பணத் தவணை. அவர்கள் சொல்வதைக் கூட்டிப் பாருங்கள்: முகூர்த்தத்துக்கு முன்பே 16 லட்சத்தில் 14 லட்சத்து 40 ஆயிரம் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. அப்புறம் குறை இருந்தால் உங்கள் கையில் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. சாப்பாட்டை எடுத்த பிறகு வரும் தொகையில், கொடுத்த ஒன்றரை லட்சத்தைக் கழித்து, இப்போது ஒரு பகுதி, மேடை வடிவமும் பொருள்பட்டியலும் முடிவான பிறகு ஒரு பகுதி, முதல் நாள் மேடை போட்டு முடித்ததும் ஒரு பகுதி என்று பிரியுங்கள். கடைசியில் 15 முதல் 20 சதவீதம் வரை ஆல்பமும் வீடியோவும் கைக்கு வந்த பிறகு. அவர்களும் ஆட்களுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும் என்பது உண்மைதான், அதனால் எல்லாவற்றையும் கடைசியில் தருகிறேன் என்று நிற்காதீர்கள். அது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

ரத்தும் ஒத்திவைப்பும். வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்து தேதி தள்ளினால் கொடுத்த பணம் புதிய தேதிக்குச் சேரும் என்று எழுத வேண்டும். நீங்கள் ரத்து செய்தால் எத்தனை நாள் முன்பு சொன்னால் எவ்வளவு பிடித்தம் என்று படிப்படியாக. அவர்கள் ரத்து செய்தால் முழுத் தொகையும், அவசரமாக வேறு ஆள் பிடிப்பதால் வரும் கூடுதல் செலவும். ரத்து செய்தால் வரும் பொறுப்பு இரு பக்கமும் இருக்க வேண்டும்.

வெளி ஆள் கட்டணம். உங்கள் சமையல்காரர் வருவதால் அவர்களுக்குக் கூடுதல் வேலை என்ன? ஒன்றுமில்லை என்றால் அறுபதாயிரமும் இல்லை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படங்கள். உங்கள் மகளின் படத்தை அவள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விளம்பரத்தில் போடக் கூடாது என்று எழுதுங்கள். சில மேடைப் படங்களைப் போட அவளுக்குச் சம்மதம் என்றால் போடட்டும், முடிவு அவளுடையது. அழைப்பு அனுப்பக் கொடுக்கும் உறவினர் போன் எண்களை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. நம்பிக்கையில் கொடுத்த தனிப்பட்ட விவரத்தை வெளியிடுவதை நுகர்வோர் சட்டமே முறையற்ற வணிகம் என்கிறது.

ரொக்கம் கொடுத்தால் வரி இல்லை?

இந்த வலையில் விழாதீர்கள். பில் இல்லாமல் போனால் நாளைக்குப் புகார் கொடுக்கும்போது இல்லாதது உங்கள் சான்றுதான். பில் அல்லது ரசீது தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் சொல்கிறது. அதோடு, ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. பல தவணையாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே கல்யாணம் என்றால் சேர்த்துத்தான் கணக்கு. அபராதம் வாங்குபவருக்கு, அது வாங்கிய தொகைக்குச் சமமாகவே இருக்கலாம். இதை அவர்களிடம் சொல்லுங்கள், வங்கி வழியாக வாங்க உடனே சம்மதிப்பார்கள். இனி ஒரு ரூபாயும் ரொக்கமாகப் போகக் கூடாது.

ஜிஎஸ்டி கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதினைந்து இலக்கம் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால் 33 என்றும் கேரளம் என்றால் 32 என்றும் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். பதிவு இல்லாதவர் வரி என்று எதையும் வசூலிக்க முடியாது.

கோவைக்காரருக்குத் தெரியாமல் போகக் கூடியவை

கல்யாணம் கேரளத்தில் நடக்கிறது. இந்தப் பக்கத்து நடைமுறைகள் யார் பொறுப்பு என்று எழுதாவிட்டால் எல்லாம் கடைசியில் உங்கள் தலையில் வந்து விழும். இங்கே 2020 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று நாள் முன்பே பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ தெரிவித்து, குப்பையைக் கட்டணம் கட்டி ஒப்படைக்க வேண்டும். தெர்மாகோலும் பிளாஸ்டிக் பூவும் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனால் அபராத நோட்டீஸ் மண்டபத்தை எடுத்த உங்கள் பெயருக்கு வரலாம்.

மேடைச் சாமான் லாரியில் வந்து இறங்கும்போது சுமை இறக்கும் கூலித் தகராறு வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கேட்கும் நோக்குக்கூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்திருக்கிறது. இறக்கிய வேலைக்கு உரிய கூலி வேறு. அதைப் பிளானர் கொடுப்பார் என்று எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு வேன், பஸ் எல்லை தாண்ட அனுமதியும் வரியும் யார் செலவு என்பதும் அதே மாதிரி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பாட்டுக் கச்சேரி வைப்பதானால் அந்த நேரத்துக்குள் முடியும்படி நிரல் போடட்டும்.

அவர்கள் அனுப்பிய பட்டியலில் “இசை உரிமக் கட்டணம்” என்று இருபத்தையாயிரம் போட்டிருக்கிறார்கள். எதற்கு என்று கேளுங்கள். கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய விழாக்களிலும் பாட்டு போடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையும் 2023 ஜூலையில் இதைச் சுட்டிக்காட்டி அறிவிப்பு வெளியிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் பற்றி ஒரு வரி. மேடை நன்றாக இருந்தால் சந்தோஷம் என்று மட்டும் சொன்னதாகவும், வரவேற்புச் செலவில் பாதியை ஏற்கிறோம் என்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனிதர்கள். அப்படியானால் ஒப்பந்தத்தைத் திருத்துவதற்கு முன் சம்பந்தியிடமும் ஒரு வார்த்தை கலந்துகொள்ளுங்கள். அவர்கள் பாதியை நேரடியாகப் பிளானரின் கணக்குக்கே அனுப்பிவிட்டால் பின்னால் கணக்கில் மனக்கசப்பு வராது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மகளைப் பேச வைக்கலாம், ஆனால் செய்தி உங்கள் அல்லது உங்கள் கணவரின் எண்ணிலிருந்து போகட்டும், பணம் கொடுத்தது நீங்கள் என்பதால். கடுமையாக எழுத வேண்டியதில்லை. இப்படிப் போதும்:

“கல்யாணத் தேதிக்காக உங்களிடம் ஒன்றரை லட்சம் கொடுத்திருக்கிறோம். ரசீது அனுப்பவும். சாப்பாடு எங்கள் பொறுப்பு. அதை நீக்கி மற்றவற்றுக்குப் பொருள்வாரி விலை அனுப்பவும். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் பணம் திரும்பாது, வெளி ஆள் கட்டணம், பொறுப்பு, படங்கள், நீதிமன்றம் ஆகிய விதிகள் முன்பு பேசப்படாதவை. அவற்றை மாற்றினால் கையெழுத்திடுகிறோம். பத்து நாளுக்குள் பதில் வேண்டும். மாற்ற முடியாது என்றால் தொகையைத் திருப்பி அனுப்பவும்.”

நல்ல தொழில்காரர்கள் என்றால் உட்கார்ந்து பேசுவார்கள். பேசினால் இவர்களையே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அவர்கள் போட்ட மேடைகளை மகளுக்குப் பிடித்திருக்கிறது, தேதியும் பிடித்து வைத்திருக்கிறார்கள், புதிதாக ஒருவரைத் தேடும் அலைச்சலும் இல்லை. அவர்கள் நடத்திய இரண்டு மூன்று கல்யாண வீட்டாரிடம் போனில் பேசிவிட்டு முடிவெடுங்கள். முக்கியமாக ஆல்பம் எப்போது கைக்கு வந்தது என்று கேளுங்கள்.

பொருள்வாரி விலை தர மறுத்தாலோ ரொக்கமே வேண்டும் என்று நின்றாலோ விட்டுவிடுங்கள். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் மேடை, பூ, லைட் தனித்தனியாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒருங்கிணைக்க மட்டும் இரண்டு நாளுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், செலவும் கணிசமாகக் குறையும். பத்து நாளில் பதிலோ பணமோ வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். கூடவே வழக்கறிஞர் மூலம் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் பாலக்காடு ஆணையத்தில் நேரிலோ நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ புகார் கொடுக்கலாம். வழக்கைக் கல்யாணம் முடிந்த பிறகு நிதானமாக நடத்தினாலும் போதும், இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. நோட்டீஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கல்யாணம் முடிந்ததும் 45 நாளுக்குள் சித்தூரில் உள்ள உள்ளாட்சி அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். கேரளத்தில் இது கட்டாயம். பிளானர் இதைச் செய்து தருவார் என்று இருந்துவிடாதீர்கள். மண்டப ரசீதையும் அழைப்பிதழையும் இதற்காகத் தனியாக எடுத்து வையுங்கள். மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரு கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.